சாமிக்கு வைத்த பேட்டரி ரம்பம்

போன மாதம் அவிநாசியிலிருந்து என் மருமகன் போன் செய்தார். தென்னந்தோப்பில் மட்டை கழிக்கவும், பழைய இரும்புக் குழாய்களை அறுத்தெடுக்கவும் பேட்டரியில் ஓடும் ரம்பம் ஒன்று வாங்க வேண்டுமாம்.

"மாமா, ஏழாயிரத்துக்குள்ள பத்துத் தினுசு காட்டுதுங்க. நீங்க மில்லுல இதெல்லாம் ஓட்டுனவருதானுங்க. எதை வாங்கறது?"

"ரோசனை பண்ணிச் சொல்றேனுங்க மாப்ள" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு முறை அவரே கூப்பிட்டார். இரண்டு முறையும் நான் குளித்துக்கொண்டிருப்பதாக வீட்டில் சொல்லச் சொன்னேன். பதில் தெரியாமல் இல்லை. தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் இதே கேள்வி எனக்கு வந்தது. அப்போது நான் சொன்ன பதில் சரியா தப்பா என்பது இன்னும் எனக்கே விளங்கவில்லை. எழுதினால் தெளியுமோ என்று பார்க்கிறேன்.

ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மில்லில் லீவு போட்ட ஆளுக்குப் பதிலியாக நுழைந்து, பஞ்சு கூட்டி, எண்ணெய் போட்டு, பிட்டர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக்கொடுத்து, பத்து வருடத்தில் எப்படியோ நானும் பிட்டரானேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்னைப் போட்ட இடம், மில்லுக்குள் ஈரக்காற்று அனுப்பும் பிளான்ட். காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு பெரிய அறையில் தண்ணீரைப் புகையாகப் பீய்ச்சி, அதன் வழியாகக் காற்றை இழுத்து, தரைக்கடியில் ஓடும் ஆள் உயரக் கால்வாய்கள் வழியாக இயந்திரங்கள் இருக்கும் கூடத்துக்கு அனுப்புவோம். மேலே தண்ணீர், கீழே கால்வாய் முழுக்கப் பஞ்சுத் தூசி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு.

எனக்கு இயற்கையிலேயே வெசனம் அதிகம். வால்வை மூடிவிட்டு வாசல்வரை வந்து, மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். என்னோடு பன்னிரண்டு வருடம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த ஆறுச்சாமி அண்ணன் இதை வைத்தே கேண்டீனில் சிரிப்பு மூட்டுவார். "நம்ம பழனி வால்வ மூடிப்போட்டு, மூடுன வால்வ இன்னொருக்கா மூடிப்போட்டு, அப்பறம் அது மூடற வால்வா தொறக்கற வால்வான்னு என்கிட்ட வந்து கேப்பாப்ல" என்பார். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். கிணத்துக்கடவுப் பக்கம் ஊர். கையில் வேலை சுத்தம், வாயில் பூட்டே கிடையாது.

எங்கள் மேலாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெயின்டனன்ஸ் மாஸ்டர் வரதராஜ். முதலாளி வீட்டாரோடு தெலுங்கில் பேசுவார், எங்களோடு கோயமுத்தூர்த் தமிழ். கூட்டுகிற ஆளுக்கும் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை வராது. வெள்ளை அரைக்கைச் சட்டை, கால்சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ். பிரச்சினை என்று போனால் நின்ற இடத்திலேயே குந்த வைத்து உட்கார்ந்து, தரையில் படம் போடச் சொல்லுவார். நாம் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். முடித்ததும் "சரீங்க, அப்பறம்?" என்பார். அப்புறம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்த மௌனத்துக்குப் பயந்து நான் எதையாவது சொல்லிக்கொண்டே போவேன். எல்லாம் கேட்டுவிட்டு, "வேலை செய்யறவரு நீங்க. நீங்க என்ன நெனைக்கறீங்க?" என்று திருப்பி என்னிடமே விட்டுவிடுவார். மற்றவர்களுக்கு அது மரியாதை. எனக்கு அது தண்டனை. திட்டுகிற மேலாளிடம் வேலை பார்ப்பது எவ்வளவோ சுலபம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ரம்பம் வாங்கும் பேச்சு வந்தது ஒரு தீயினால். கால்வாய்க்குள் துருப்பிடித்த தாங்கிக் கம்பியைக் கிரைண்டரில் அறுத்தபோது பொறி பறந்து பஞ்சுத் தூசி பற்றிக்கொண்டது. தண்ணீர் பக்கத்திலேயே இருந்ததால் புகையோடு போயிற்று. அதோடு கால்வாய்க்குள் கிரைண்டரும் கூடாது, கேஸ் கட்டிங்கும் கூடாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். ஈரத்தில் ஒயர் இழுத்து எந்த மிஷினும் ஓட்டக்கூடாது என்பது ஏற்கெனவே இருந்த சட்டம். மிச்சம் கையால் அறுக்கும் ஆக்சா பிளேடுதான். அதன் பிரேம் சந்து பொந்துக்குள் நுழையாது. ஒருக்களித்துப் படுத்து ஒரு குழாயை அறுக்க ஒரு மணி நேரம் ஆகும். அப்போதுதான் மாஸ்டர் ஏதோ மிஷின் கண்காட்சியில் பேட்டரி ரம்பத்தைப் பார்த்துவிட்டு வந்தார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பிளேடு, முன்னும் பின்னுமாக ஓடும். ஒயர் இல்லை, பொறியும் இல்லை. முதலாளியிடம் பேசிப் பதினெட்டாயிரம் வாங்கிவிட்டார்.

"நீங்களே போய்ப் பாத்து வாங்கீட்டு வாங்க பழனிச்சாமி. ஒண்ணே ஒண்ணு. அறுத்துப் பாக்காம வாங்காதீங்க."

"மாஸ்டர், நானுங்களா?"

"அறுக்கப் போறது நீங்கதானுங்களே."

ஒரு சாக்குப் பையில் ஒரு இஞ்ச் குழாயை முழ நீளத்துக்கு வெட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நஞ்சப்பா ரோட்டில் கண்ணாடி போட்ட கடை. பெட்டி பிரிக்காத புதுசு. பதினேழாயிரத்து ஐந்நூறு. ஒரு ரம்பம், ஒரு பேட்டரி, ஒரு சார்ஜர். விசையை மெல்ல அழுத்தினால் மெல்ல ஓடியது, அழுத்த அழுத்த வேகம் எடுத்தது. கை வலிக்காத கனம்.

"ரெண்டாவது பேட்டரி எவ்வளவுங்க?"

"அது தனியா ஏழாயிரமுங்க."

"பேட்டரி எறங்கிப் போச்சுன்னா?"

"ஏத்தோணுமுங்க. ஒரு மணி நேரம். ஆனா ஒண்ணுங்க, முழுக்க எறங்குனப்பறந்தான் ஏத்தோணும். பாதியில ஏத்திப் பழக்குனீங்கன்னா பேட்டரி சோம்பேறி ஆயிப்போகும்."

குழாயை வைஸில் மாட்டி அறுத்தேன். ஒரு சார்ஜுக்கு ஒன்பது துண்டு. கடைக்காரர் பத்தாவது துண்டில் நின்றுபோன ரம்பத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாங்க வந்தீங்களா, எங்க கடையில வேலைய முடிச்சுட்டுப் போக வந்தீங்களா?" என்றார்.

மறுநாள் உக்கடத்தில் பழைய சாமான் கடை. கடைக்காரர் பாய் ஒரு துணியை விலக்கிக் காட்டினார். கல்ஃபிலிருந்து திரும்பிய பாலக்காட்டுக்காரர் ஒருவர் விற்றது. பதினோராயிரம். இரண்டு பேட்டரி. ஆனால் சார்ஜர் நூற்றுப்பத்து வோல்ட். நம் கரண்டில் நேரடியாகச் சொருக முடியாது, நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும்.

"மறந்து நேராச் சொருகீட்டா என்னங்க ஆகும்?"

"புகை வரும்."

"வந்தா?"

"என்கிட்ட வாங்க. சார்ஜர் தனியா விப்பேன்."

அங்கேயும் அறுத்தேன். முதல் பேட்டரிக்கு ஆறு துண்டு, இரண்டாவதுக்கு மூன்று. ஆக ஒன்பது. புதுசும் ஒன்பது, பழசும் ஒன்பது. கடை வாசலில் சாக்குப் பையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். ஒன்று கூடக் குறைய இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதிகத்தை வாங்கியிருப்பேன்.

மாஸ்டர் முன் தரையில் எழுதிக் காட்டினேன். புதுசுக்கு பில் உண்டு, ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு, வேகத்தைக் குறைக்கலாம். பழசுக்கு இன்னொரு பேட்டரி உண்டு, மிச்சப் பணத்துக்குப் பிளேடு வாங்கி அடுக்கலாம். ஆனால் கனம், ஒரே வேகம், அந்த டிரான்ஸ்பார்மர். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். "சரீங்க, அப்பறம்?" என்றார். அப்புறம் வழக்கம்போல் என்னிடமே விட்டுவிட்டார்.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிசைந்த சோற்றோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரி, "ரம்பம் வாங்கறீங்களா, பொண்ணுக்கு மாப்ள பாக்கறீங்களா? மாப்ளைக்குக்கூட இத்தன வெசாரிக்க மாட்டாங்க" என்றாள். கடைசியில் நான் முடிவெடுத்தது ரம்பத்தைப் பார்த்தல்ல. ஷிப்டு மாறும்போது யாராவது டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சார்ஜரைச் சொருகிவிடுவார்கள், புகை வரும், பழனிச்சாமி வாங்கியது என்பார்கள். அந்த ஒரு பயத்தில் புதுசை வாங்கினேன். ஆறுச்சாமி அண்ணன் பெட்டியைத் திறந்து உள்ளே தேடினார். "ஒத்தப் பேட்டரியா? அது லீவு போட்டா மாத்து ஆளு யாரு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ரம்பத்தை நான் கையாண்ட விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூக்கில் இருக்கும் தட்டையான தகடு அறுக்கும் இரும்போடு ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டாவிட்டால் பிளேடு ஓடாது, ஆளைத்தான் ஆட்டும். முதல் கீறல் விழும்வரை விசையை விரல் நுனியால்தான் தொட வேண்டும். தடம் விழுந்தபின் அழுத்தலாம். இரும்புக்குப் பல் பொடிசான பிளேடு, மரத்துக்குப் பெரிய பல். அந்தப் பிளேடு அப்போது கோயமுத்தூரில் சுலபமாகக் கிடைக்காது. பவர் ஆக்சாவின் உடைந்த பிளேடை வாங்கி, அடிப்பக்கத்தைத் தேய்த்து, ஓட்டை போட்டு மாட்டிக்கொள்வேன். முடிந்ததும் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய். கடைக்காரர் சொன்னதை மட்டும் வேதமாகப் பிடித்துக்கொண்டேன். பேட்டரி முழுக்க இறங்காமல் சார்ஜரில் வைக்க மாட்டேன். மிச்சம் இருந்தால் வேண்டாத கம்பியை அறுத்தாவது இறக்கிவிடுவேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் மில்லில் முதல் நாள் சாயங்காலமே பூஜை போட்டு ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் விடுமுறை. அதற்கடுத்த நாள் காலை மறுபூஜை செய்து, பூசணிக்காய் உடைத்து, இயந்திரங்களை ஓட்டுவார்கள். சாமி முன்னால் வைத்த கருவியை அதுவரை யாரும் தொடக்கூடாது. அன்றைக்கு மத்தியானம் பிளான்ட்டைக் கழுவும்போது பழைய தாங்கிகளை அறுத்தேன். கடைசித் தாங்கியோடு பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சார்ஜ் ஏற்ற இதைவிடச் சரியான நேரம் இல்லை.

டூல் ரூமுக்கு வந்தால் மேஜையில் ஸ்பேனர், டிரில்லிங் மிஷின், வெர்னியர் எல்லாம் குளித்து முடித்த மாதிரி அடுக்கியிருந்தன. ஸ்டோர்க்காரர் கிட்டான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

"அந்த ரம்பத்தையும் கொண்டாங்க."

"இருங்க, பேட்டரியச் சார்ஜுல போட்டுட்டு ரம்பத்த மட்டும் தாரேன்."

"பேட்டரி இல்லாத ரம்பத்துக்குச் சந்தனம் வெச்சா, தல இல்லாத செலைக்குப் பொட்டு வெச்ச மாதிரி ஆயிருமுங்க. சேத்தி வெய்யுங்க. கரண்டு ஓடுனா அது வேலதான். இன்னைக்கும் நாளைக்கும் எதுக்கும் வேல குடுக்கப்படாது."

ஆறுச்சாமி அண்ணன் வாழைக்கன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார். "ஏனுங்க கிட்டான், மாட்டுப் பொங்கலுக்கு மாட்ட வண்டியில பூட்ட மாட்டோம். தீனியும் போடாமயா உட்டர்றோம்? சார்ஜு ஏத்தறது அதுக்குச் சோறு. வேலையில எப்படிச் சேரும்?"

"மாடு உசுரு. இது ஆயுதம்."

"ஆயுதத்துக்கு உசுரு இல்லீன்னா எதுக்கு அதுக்குப் பூச?"

அறையில் இருந்தவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டார்கள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டது. ஆறுச்சாமி அண்ணன் "என்னமோ பண்ணுங்க, எனக்கு வாழமரம் கட்டோணும்" என்று போய்விட்டார். அப்போது மாஸ்டர் கைகால் கழுவி, சட்டைக்கு மேல் புதுத் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். நான் கேட்டேன்.

"மாஸ்டர், இதுக்குச் சார்ஜு போடலாங்களா, வேண்டாமுங்களா?"

அவர் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அல்லது, நன்றாக ஞாபகம் இருப்பதாக நான் ரொம்ப காலம் நம்பினேன். "நீங்க என்ன நெனைக்கறீங்க?" என்றார்.

சாமிக் குற்றம் ஏதாவது வந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. "விட்டர்லாமுங்க மாஸ்டர். ஒரு நாளுதானுங்களே" என்றேன். அவர் "சரீங்க" என்று சொல்லி, பேட்டரிமேல் சந்தனத்தைத் தொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார்.

மறுபூஜை அன்று காலை ஏழு மணிக்குக் கற்பூரம் காட்டியதும் முதல் ஆளாக ரம்பத்தை எடுத்து, சந்தனத்தைத் துடைத்து, பேட்டரியைச் சார்ஜரில் வைத்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். பிளான்ட்டிலிருந்து சத்தம் கேட்டது.

காற்று விசிறி ஓடும் முன் தண்ணீர் பீய்ச்சும் குழல்களைப் பார்க்க ஆறுச்சாமி அண்ணன் உள்ளே போயிருக்கிறார். கால்வாய் வாய்மேல் இரும்புப் பட்டைகளால் ஆன மூடி இருக்கும். ஓரத்தில் வெல்டிங் விட்டுப்போயிருந்த ஒரு பட்டை அவர் மிதித்ததும் உடைந்து இறங்கியது. இடது கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. உடைந்த பட்டை திரும்பி நிமிர்ந்து, பக்கத்துப் பட்டையோடு சேர்ந்து காலைக் கவ்விக்கொண்டது. அதன் முனை முழங்காலுக்குக் கீழே சதையில் இறங்கியிருந்தது. நாங்கள் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தோம். தூக்கினால் முனை இன்னும் ஆழமாக இறங்கியது. அவர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை.

மாஸ்டர் ஓடி வந்து குந்த வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்துப் பட்டையை இரண்டு இடத்தில் அறுத்தெடுத்தால் கால் வந்துவிடும். கேஸ் கட்டிங் முடியாது, அடியில் பஞ்சு, நடுவில் கால். ஆக்சா பிரேம் சந்துக்குள் இறங்காது. "பழனிச்சாமி, ரம்பம்" என்றார்.

ஏறினவரை போதும் என்று பேட்டரியைச் சார்ஜரிலிருந்து எடுத்து மாட்டிக் கொண்டுவந்தேன். காலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம். பிளேடு நுழைந்தது. தகட்டை ஒட்டி வைத்து, விரல் நுனியால் விசையைத் தொட்டேன். முதல் பக்கம் அறுந்தது. அறுந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. இரண்டாவது பக்கத்தில் கால்வாசி போயிருக்கும். ரம்பத்தின் சத்தம் தொண்டை கட்டியது போல் ஆயிற்று. நின்றுவிட்டது. விசையை விட்டு மறுபடி அழுத்தினேன். ஒரு தரம் துடித்து நின்றது.

"ஏப்பா பழனி" என்றார் ஆறுச்சாமி அண்ணன். வியர்வை கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "விரதம் இன்னும் முடியலையா அதுக்கு?"

பேட்டரியைக் கழற்றிக்கொண்டு சார்ஜருக்கு ஓடினேன். வைத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். பத்து நிமிடம் காத்திருந்தால் மிச்சத்தை ஒரே மூச்சில் அறுக்கலாம். காத்திருக்கலாமா, கையால் தொடங்கலாமா? வாசலில் நின்று கேட்டேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டையோடு ஈரத்தில் ஒருக்களித்துப் படுத்துவிட்டார். ஆக்சா பிளேடைப் பிரேமிலிருந்து கழற்றி, ஒரு முனையில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றி, விரலால் பிடித்து அறுக்கத் தொடங்கினார். கை ஓய்ந்ததும் நான். நான் ஓய்ந்ததும் அவர். ஒரு முறைக்கு அரிசி அளவுகூட இரும்பு உதிரவில்லை. பிளேடு இரண்டு தரம் உடைந்தது. மூன்றாவது பிளேடில் பாதி அறுத்திருக்கும்போது நான் எழுந்து பேட்டரியை எடுத்து வந்து மாட்டினேன். நாலு இழுப்பு இழுத்து நின்றது. அவசரப்பட்டு எடுத்துவிட்டேனோ, முதலிலேயே எடுத்திருக்கலாமோ, எதுவும் தெரியவில்லை.

"பழனி, காலு என்னுது. கையி எதுக்கு உனக்கு ஆடுது?" என்றார் அண்ணன்.

"பேசாதீங்கண்ணா."

"பேசாட்டி மயக்கம் வருது. பேசறேன்."

கடைசியில் பட்டை அறுந்தபோது மாஸ்டரின் வெள்ளைச் சட்டையில் துருவும் ரத்தமுமாக இருந்தது. பாதி ரத்தம் அவருடைய விரலிலிருந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எவ்வளவு நேரம் கால் மாட்டியிருந்தது என்று. முக்கால் மணிக்கு மேலே இருக்குமுங்க என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அதனால்தான் இப்படியா, இல்லை விழுந்த உடனேயே ஆனதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எலும்பு கூடிற்று. காயம் ஆறிற்று. பாதத்தைத் தூக்கும் நரம்பு மட்டும் திரும்பவில்லை. அண்ணன் நடந்தால் இடது பாதம் தொங்கிக்கொண்டு தரையைத் தட்டும்.

விசாரணைக்கு மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மாஸ்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், விரலில் கட்டு. மேனேஜர் ஒரு தாளைப் படித்தார். 'பூஜையில் வைத்த கருவிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்று நான் உத்தரவிட்டதால் பேட்டரி காலியாக இருந்தது.' அடியில் மாஸ்டரின் கையெழுத்து.

"இல்லீங்க... அது மாஸ்டர் சொல்லலீங்க" என்றேன்.

"சொன்னனுங்க" என்றார் மாஸ்டர். "வேண்டாமுங்க, விட்டுருங்கன்னு நாந்தான் சொன்னேன். நீங்க வெசனத்துல மறந்துட்டீங்க."

மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "எது சரி?"

மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அப்போது இரண்டு பெண் பிள்ளைகள், மில் குவார்ட்டர்ஸ் வீடு. "மாஸ்டர் சொன்னா சரியா இருக்குமுங்க" என்றேன்.

அவ்வளவுதான். மாஸ்டரை உடுமலைப் பக்கத்தில் இருந்த சின்ன மில்லுக்கு மாற்றினார்கள். போகும்போது பிளான்ட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும் சொன்னார். அவர் அன்றைக்கு என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாரா, உண்மையாகவே அவர்தான் வேண்டாம் என்றாரா? வருடக்கணக்கில் யோசித்து யோசித்து, 'வேண்டாமுங்க, விட்டுருங்க' என்று அவர் குரலில் இப்போது என் காதில் கேட்கிறது. கேட்டது நிஜமா, நானே உண்டாக்கிக்கொண்டதா என்பதைப் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. உக்கடத்துப் பழசை வாங்கியிருந்தால் இரண்டாவது பேட்டரி இருந்திருக்கும் என்றும் நினைப்பேன். அதையும் கிட்டான் சந்தனம் வைத்து மேஜையில் அடுக்கியிருப்பார் என்றும் நினைப்பேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆறுச்சாமி அண்ணன் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். மாதம் ஒரு தரம் காலைக் காட்ட கோயமுத்தூர் வருவார். ஒரு நாள் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பொள்ளாச்சி பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். இரண்டு பேரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தோம். திடீரென்று சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அன்னைக்குச் சார்ஜு போட வேண்டாம்னது மாஸ்டர் இல்லீங்க. நானுன்னுதான் நெனைக்கறேன்."

அவர் கடலைத் தோலை ஊதினார். "நெனைக்கறயா?"

"நாந்தானுங்க."

இன்னொரு கடலையை உடைத்தார். பிறகு, "முழுச் சார்ஜு இருந்திருந்தா எத்தன நேரத்துல அறுத்திருப்ப?" என்றார்.

"மூணு நிமிசம். மிஞ்சிப்போனா நாலு."

அவர் தலையை ஆட்டினார். கையில் மிச்சமிருந்த கடலையைப் பொட்டலத்தில் திரும்பப் போட்டு மடித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பொள்ளாச்சி பஸ் உள்ளே திரும்பியது. கூட்டம் அதன் பின்னால் ஓடியது. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"என்னால ஓட முடியாது. போயி எடம் போடு."

ஓடினேன். நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் துண்டைப் போட்டேன். அவர் வந்து சேர்ந்ததும் கையைப் பிடித்து ஏற்றினேன். இடது பாதத்தை அவரே கையால் தூக்கிப் படியில் வைத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். துண்டை எடுத்து மடித்துப் பக்கத்து இடத்தில் வைத்தார்.

ஒருவர் வந்து, "ஏனுங்க, இங்க ஆள் வருதுங்களா?" என்றார்.

"வருதுங்க" என்றார் அண்ணன்.

யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இறங்குவதா நிற்பதா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் நகர்ந்தது. அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், துண்டை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். குளத்துக்கரை தாண்டியதும் கண்டக்டர் வந்து என்னைப் பார்த்து, "எங்கீங்க?" என்றார். நான் சட்டைப்பையில் சில்லறை தேடினேன்.

"ரெண்டு கிணத்துக்கடவு" என்றார் ஆறுச்சாமி அண்ணன்.